சீட்டு போட்ட கிராஃபிக் நாவல்

ஆரணி பஸ் ஸ்டாண்டுல இன்னிக்கி செம கூட்டம். ஜன்னல் வழியா சீட்டு போட கர்சீப் இல்ல. கையில இருந்த கிராஃபிக் நாவலை வீசினேன்.

ஏறிப் பார்த்தா, அந்த சீட்டுல யாரோ முன்னாடியே போட்ட பச்சைத் துண்டு. அதைக் கீழ தள்ளிட்டு உக்காந்துட்டேன்.

பின்னாடியே ஒரு அக்கா, இடுப்புல கொழந்தையோட. "இங்கதான துண்டு போட்டேன்? எங்க போச்சி?"

துண்டைச் செருப்பால சீட்டுக்கு அடியில தள்ளிகினே நான் பக்கத்தைப் புரட்டினேன்.

அக்கா நின்னுகினே எட்டிப் பார்த்தாங்க. "இன்னா கதை தம்பி?"

"உலகப் போர்ல கொத்துக் கொத்தா கொலை பண்ண ஒருத்தன், பேர மாத்திகினு முப்பது வருஷமா நல்லவனாட்டம் வாழறான். அவனத் தேடிப் புடிக்கிற கதைக்கா."

"வுடக் கூடாது அவன."

அடுத்த ஊரு களம்பூர் வரைக்கும்கூட என்னால தாங்க முடியல. எழுந்து இடம் குடுத்தேன்.

உக்காந்ததும் அவங்க கால்ல துண்டு தட்டுப்பட்டுது. "எவனோ பாவி மிதிச்சி வெச்சிருக்கான் பாரு. உன்ன மாதிரி நல்ல புள்ளைங்களும் இருக்குதுங்க."

"ஆமாக்கா"ன்னேன்.

அந்த ஆளு முப்பது வருஷம் எப்படித்தான் வாயைத் தொறக்காம இருந்தான்னு காலையில படிக்கிறப்போ யோசிச்சிகினு இருந்தேன்.

எதிர்ல இருக்கிறவங்க நல்லவன்னு சொல்லிட்டா, வாய் எங்கங்க தொறக்குது?