விபோர்க் வயலில் அகப்பட்ட இரும்பு

தொழிற்சாலையில் முதுகு போய் நான் வேலையை விட்ட வருடம், மகள் எனக்கு ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கித் தந்தாள். அப்பா வீட்டில் சும்மா இருந்தால் சுகமில்லாமல் போய்விடுவார் என்று தாயிடம் டேனிஷில் சொல்லியிருக்கிறாள். விபோர்க்குக்கு வெளியே ஒரு விவசாயி, அறுவடை முடிந்த தன் வயலில் நடந்து தேட அனுமதி கொடுத்தார்.

மண்ணுக்குள் கிடப்பது பெரும்பாலும் குப்பை. பாதி லாடம், உழவு இயந்திரத்தின் ஆணி, பொத்தான். ஆனால் இன்னதென்று சொல்ல முடியாத ஒன்று அகப்பட்டால் எனக்கு அன்றைக்கு முழுக்க வேறு நினைப்பு வராது. கழுவி, படம் எடுத்து, டிடெக்டர்காரர்களின் பேஸ்புக் குழுவில் போடுவேன். குத்துவிளக்கின் கொண்டை என்று நான் நம்பியிருந்த பித்தளைத் துண்டு, பீர்ப் பீப்பாயின் குழாயைத் திருகும் பிடி என்று பதில் வந்தது. மிகப் பழைய பொருளென்றால் மியூசியத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அந்த அளவுக்கு என் கையில் எதுவும் வரவில்லை.

மனைவி ஒருநாளும் வயலுக்கு வந்ததில்லை. குளிருக்குத்தான் வராமல் இருக்கிறாள் என்று நானே எடுத்துக்கொண்டேன். போன இலையுதிர் காலத்தில், ஆப்பிள் பிடுங்கிக்கொண்டு போகும்படி விவசாயி கூப்பிட்டதால் கூட வந்தாள். பையை நிரப்பிக்கொண்டு, நான் கிண்டிக்கொண்டிருந்த வரப்போரம் வந்து நின்றாள்.

டிடெக்டர் கனத்த சத்தம் போட்டது. ஒரு முழங்கை ஆழத்தில் துருப்பிடித்த இரும்பு தெரிந்தது. உருளை வடிவம், ஒரு முனை மண்ணுக்குள். நான் குனிந்து கையை நீட்டினேன்.

"தொடாதேங்கோ," என்றாள். குரல் உயரவில்லை. "எழும்பிப் பின்னுக்கு வாங்கோ."

திரும்பிப் பார்த்தேன். அவள் கையிலிருந்த பை கீழே கிடந்தது. நான் எழுந்தேன். வந்த கால்தடத்திலேயே கால் வைத்து இருவரும் திரும்பி நடந்தோம். ஊரில் யுத்தத்துக்குள் வாழ்ந்த எங்களுக்கு இப்படி நடக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

விவசாயி விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பொலிஸுக்குப் போன் செய்தார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஜெர்மன்காரர் இந்தப் பக்கம் இருந்தவர்கள், எதுவும் கிடக்கலாம் என்றார். பொலிஸ் பாதையை மறித்தது. பிறகு ராணுவத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நாங்கள் விவசாயியின் சமையலறையில் கோப்பியை முன்னால் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தோம்.

அவர்களில் ஒருவர் அந்த இரும்பைக் கையிலேயே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மண் துடைத்த மேல்முனையில் ஒரு வளையம் இருந்தது. வெடிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை, ஆனால் கூப்பிட்டது சரியான காரியம் என்றார். விவசாயி அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எழுந்து, மூலையில் நின்ற ஆளுயர ஊசல் மணிக்கூட்டின் கதவைத் திறந்தார். உள்ளே கயிற்றில் அதே மாதிரி இரண்டு இரும்புகள் தொங்கின. இவற்றின் பாரத்தில்தான் மணிக்கூடு ஓடுமாம். அந்த வரப்போரம் முன்பு ஒரு சின்ன வீடு இருந்ததென்று தகப்பன் சொல்லக் கேட்டிருக்கிறாராம்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மனைவி டேனிஷில் பேசத் தொடங்கிவிட்டாள். ஊரில் தன் தமையன் வீட்டு வளவில் தோட்டம் கொத்தும்போது இப்படி ஒன்று வந்ததென்றும், தண்ணீர்க் குழாயின் துண்டென்று நினைத்துத் தூக்கினாரென்றும் சொன்னாள். அந்த மச்சான் செல்லடியில், பீரங்கிக் குண்டு வெடித்து இறந்தவர் என்பது மட்டுமே எனக்குத் தெரியும். குண்டு வானத்திலிருந்து விழுந்தது என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

விவசாயி மணிக்கூட்டின் கதவைச் சாத்தினார். ஆறிப்போன கோப்பியைக் கொட்டிவிட்டு அவளுக்குப் புதிதாக வார்த்துக் கொடுத்தார். அவள் முழுவதையும் குடித்தாள்.

காரில் வரும்போது, இனி நான் போகவில்லை, டிடெக்டரை விற்றுவிடுவோம் என்றேன்.

"ஏன் விக்கிறியள்?" என்றாள். "அந்த வீட்டில என்னென்ன இருந்ததெண்டு பாக்க வேண்டாமோ?"

அடுத்த ஞாயிறு அவளும் காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தாள். வரப்போரத்தில் ஒரு கதவுக் கீலும் தையல் விரலுறையும் அகப்பட்டன. விரலுறையை அவளே மண் தட்டி, தன் விரலில் போட்டுப் பார்த்தாள். அது அவளுக்குச் சிறியதாக இருந்தது.