புல்வெட்டும் மிஷினும் தையல் கத்திரிக்கோலும்

பிள்ளைகளா, கத்திரிக்கோல் வாங்கப் போனால் கடைக்காரரிடம் ஒரு பழைய பேப்பர் கேட்டு, அடியிலிருந்து நுனிவரை வெட்டிப் பார்த்த பிறகுதான் நான் காசு கொடுப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் கூட நீங்கள் மூன்று பேரும் என்னைத் தெரியாதவர்கள் போல் கடை வாசலில் தள்ளிப்போய் நின்றுகொண்டீர்கள். வெட்கப்பட வேண்டாம். அந்தப் பழக்கம் எனக்கு ஒரு புல்வெட்டும் மிஷினிடமிருந்து வந்தது. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பெரியவளே, நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய். மற்ற இரண்டு பேரும் இன்னும் வந்து சேரவில்லை. பெரம்பலூரில் ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஃபேக்டரியில் வேலை. காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புவேன். முதல் மூன்று வருடம் கிரஷரில் இருந்தேன். சுண்ணாம்புக்கல்லைக் கொட்டி உடைக்கிற இடம். ஒரு காக்கித் துணியால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். உங்கள் அம்மா அந்தத் துணியை எத்தனை தரம் அலசினாலும் தண்ணீர் மோர் மாதிரிதான் ஓடும். வீட்டுக்கு வந்தும் எனக்கு இருமல் நிற்காது. ஆசையாய் உன்னைத் தூக்குவேன். ஒரு இருமல் வரும். நீ வீரிட்டு அழுவாய். அம்மா வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

பிறகு ஒரு சூப்பர்வைசர் மனம் வைத்து என்னை ஃபேக்டரியின் கெஸ்ட் ஹவுஸ் தோட்டத்துக்கு மாற்றிவிட்டார். ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவது, சருகு கூட்டுவது, முன்னால் இருந்த புல்தரையை வெட்டிவிடுவது, இவ்வளவுதான் வேலை. நான்கே மாதத்தில் இருமல் போயிற்று. நீ என் தோளில் தூங்கப் பழகினாய்.

புல் வெட்ட அங்கே ஒரு மிஷின் இருந்தது. என்னைவிட வயதில் மூத்தது. எஞ்சினும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. இரண்டு இரும்புச் சக்கரம், நடுவே முறுக்கின மாதிரி ஐந்து பிளேடு வைத்த ஒரு உருளை, அதற்கு அடியில் அசையாத தட்டைத் தகடு ஒன்று, பிடித்துத் தள்ள நீளமான கைப்பிடி. தள்ளினால் சக்கரம் சுற்றும், சக்கரம் உருளையைச் சுழற்றும், புல் வெட்டுப்படும். எனக்கு அதைத் தள்ளத் தெரியுமே தவிர பராமரிக்கத் தெரியாது. வெட்டி முடித்ததும் ஈரப் புல்லோடு அப்படியே ஷெட்டில் சாத்திவிடுவேன். அது என் தப்புதான். துருப் பிடித்து, மொன்னையாகி, ஒருநாள் புல்லை வெட்டாமல் பிய்க்க ஆரம்பித்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் சூப்பர்வைசர் வந்து புல்தரையைப் பார்த்தார்.

"என்னய்யா இது, ஆடு மேஞ்சிட்டுப் போன மாதிரி இருக்கு?"

"பிளேடு மொன்னையாப் போச்சுங்க சார்."

"அப்ப பழைய இரும்புலதான் போடணும். ஒர்க்ஷாப்புல கேட்டேன். லாரியப் பாக்கவே நேரமில்ல, புல்லுவண்டிய எவன் பாப்பாங்கிறான். திங்கக்கிழமை பெரிய ஆபீசருங்க வராங்க. மிஷினே இல்லன்னா தோட்டத்துக்குத் தனியா ஒரு ஆள் எதுக்குன்னு கேப்பாங்க. கிரஷர்ல ஆள் பத்தல. உன்ன அங்கதான் திருப்பி அனுப்பணும்."

எனக்குத் தொண்டையில் அப்போதே ஒரு இருமல் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"திங்கக்கிழமை காலம்பர வரைக்கும் டைம் குடுங்க சார். வூட்டுக்கு எடுத்துட்டுப் போயி சரிபண்ணிட்டு வரேன்."

"வூட்டுல வச்சு என்னய்யா பண்ணுவ?"

"அருவா தீட்டத் தெரியுங்க சார்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கேட்டைத் தாண்டிக் கொண்டுபோகச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் அதை என் காலுக்கிடையில் நிறுத்திக்கொண்டேன். கண்டக்டர் அதை மிதிக்காமல் தாண்ட முடியாமல் தவித்தார்.

"யோவ், என்னய்யா இது? வயல்ல பரம்படிச்சு மட்டம் பண்றதா?"

"புல்லு வெட்டுற மிஷினுங்க."

"புல்லு வெட்டவா? நம்ம சீமையில புல்லு மொளைக்கவே மழையக் காணோம், அத வெட்டுறதுக்கு ஒரு மிஷினா! ஏறுங்க ஏறுங்க, பாத்து ஏறுங்க, காலு போயிடும்!"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

பெரம்பலூரில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல், நேராகக் கொல்லுப்பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் அரிவாள் அடிப்பதில் கெட்டிக்காரர். உருளையைச் சுற்றிப் பார்த்தார்.

"அஞ்சு அருவாளையும் ஒண்ணாச் சேத்துக் கட்டி வச்சிருக்கான் வெள்ளக்காரன். கருக்கு வெட்டிவிடவா தம்பி? கதிரறுக்கிற அருவா மாதிரி பல்லோட இருந்தா பிச்சிக்கிட்டுப் போவும்."

நல்லவேளை, அதற்கு மட்டும் வேண்டாம் என்றேன். "கூரு மட்டும் ஏத்திவிடுங்க."

அவர் அரத்தை எடுத்து ஐந்து பிளேடையும் தனித்தனியாக ராவித் தள்ளினார். பளபளவென்று கூர் ஏறியது. "இப்ப இத வச்சுக் கரும்பே வெட்டலாம் போ" என்று அனுப்பினார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் மண்டிக் கிடந்த அருகம்புல்லில் மிஷினை ஓட்டினேன். உங்கள் அம்மா பின்கட்டில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு யாருக்கோ ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்பே, வாலிகண்டபுரத்தில் இருந்தபோதே, அவள் தையல் கற்றவள். நான் ஒரு தரம் தள்ளினேன். திரும்பித் தள்ளினேன். மூன்றாவது தரம் ஓடிவந்து தள்ளினேன். ஒரு புல் அறுபடவில்லை.

"ஏங்க, புல்லெல்லாம் குனிஞ்சு கும்புடு போட்டுட்டு எந்திரிக்குதுங்க" என்றாள்.

"நீ சும்மா இரு. நேத்துதான் கூரு ஏத்திட்டு வந்திருக்கேன். கைய வச்சா அறுத்துடும்."

"கைய அறுக்கும். புல்ல அறுக்கலியே."

"அதான் ஏன்னு தெரியல."

"இத அருவான்னு யாரு சொன்னா உங்களுக்கு? அடியில ஒரு தகடு இருக்கே, அது எதுக்கு, அழகுக்கா?"

எழுந்து வந்தாள். கையில் தையல் கத்திரிக்கோல். அதன் நடு ஸ்குரூவைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு துண்டுத் துணியை உள்ளே கொடுத்து அழுத்தினாள். துணி வெட்டுப்படவில்லை, மடிந்து இரண்டு அலகுக்கும் நடுவே போய் மாட்டிக்கொண்டது. மறுபடி ஸ்குரூவை இறுக்கி அழுத்தினாள். நறுக்கென்று துண்டாயிற்று.

"கூரு ஒண்ணும் பெருசு இல்லீங்க. ரெண்டும் ஒண்ண ஒண்ணு ஒரசணும். உங்க மிஷின்ல மேலயும் கீழயும் பாருங்க, நடுவுல எறும்பு ஊர்வலம் போலாம்."

குனிந்து பார்த்தேன். நிஜம். பட்டறையில் ராவ ராவ, பிளேடு தேய்ந்து தகட்டைவிட்டு விலகிப்போயிருந்தது. இருந்த இரும்பையும் ஆள் வைத்து ராவித் தள்ளிவிட்டு வந்திருக்கிறேன். அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன். கிரஷர் சத்தம் காதில் கேட்டது.

"உக்காந்தா ஆவுமா? அந்தத் தகட்ட மேல ஏத்த ஸ்குரூ இல்லாமயா செஞ்சிருப்பான்? தேடுங்க."

தேடினோம். தகட்டின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு ஸ்குரூ இருந்தது. துருவும் காய்ந்த புல்லும் மூடி, அங்கே ஸ்குரூ இருப்பதே எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை. குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டோம். கஞ்சி குடித்துவிட்டு வந்து திருப்பினேன். கிறீச்சென்று அசைந்து கொடுத்தது. இரண்டு பக்கமும் கால் திருகு, கால் திருகாக ஏற்றினேன். உருளையைச் சுற்றினால் இப்போது டக், டக் என்று சில இடத்தில் இடிக்கிறது, சில இடத்தில் தொடவே இல்லை. அரம் பட்ட இடமெல்லாம் மேடும் பள்ளமும்.

"புதுசாக் கொத்துன ஆட்டுக்கல்ல எங்கம்மா என்ன பண்ணுவாங்க தெரியுமா?" என்றாள். "மாவு ஆட்ட மாட்டாங்க. மொதல்ல தவுட்டப் போட்டு ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுவாங்க. கல்லும் குழவியும் ஒண்ணுக்கொண்ணு தேச்சுப் பழகிக்கும்."

அந்த இடத்தில்தான் எனக்கும் கொஞ்சம் மூளை வேலை செய்தது. இரும்புக்குத் தவிடு போதாது. கத்தி தீட்டுகிற கட்டையில் வெங்கச்சங்கல் தூளைத்தானே தூவுவோம்? நம் பக்கத்துக் காட்டில் அந்த வெள்ளைக் கல்லுக்கா பஞ்சம்! நாலு கல் பொறுக்கி வந்து, இடித்து, அவள் புடவைத் தலைப்பிலேயே சலித்து, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தேன். பழைய துணியைக் குச்சியில் சுற்றி ஐந்து பிளேடின் ஓரத்திலும் அந்தக் குழம்பைத் தடவினேன்.

இப்போது சுற்ற வேண்டும். கை வைத்துச் சுற்றினால் விரல் போகும். சக்கரம் இரண்டையும் கழற்றிவிட்டு, உருளையின் தண்டில் மோர் கடைகிற கயிற்றை மூன்று சுற்று சுற்றினேன். மிஷினைக் கிணற்றுக்கல்லில் அசையாமல் கட்டினேன். ஒரு முனை எனக்கு, மறுமுனை உங்கள் அம்மாவுக்கு. நான் இழுக்க அவள் விட, அவள் இழுக்க நான் விட.

எதிர்வீட்டு அக்கா தண்ணீர் சேந்த வந்தவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றார்.

"என்னடி இது, புருஷனும் பொண்டாட்டியுமா மோர் கடையிறீங்க?"

"ஆமாங்க்கா. வெண்ணெ தெரண்டா மொத உருண்ட உங்களுக்குத்தான்."

"கருப்பா இருக்கேடி வெண்ணெ!"

"மாடு கருப்புங்க்கா."

அந்த அக்கா சிரித்த சிரிப்பில் நீ கைதட்டினாய், பெரியவளே. நாங்கள் கயிற்றை விட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தோம். பிறகு மறுபடி இழுத்தோம். முதலில் கரகரவென்று பல்லைக் கூச வைத்த சத்தம், வெயில் சாய்வதற்குள் சொர்ர் என்று மெத்தென ஆயிற்று.

மண்ணெண்ணெயில் குழம்பையெல்லாம் கழுவித் துடைத்தேன். ஒரு மணல்கூட உள்ளே இருக்கக் கூடாது. இருந்தால் அது பாட்டுக்குப் பிளேடைத் தின்றுகொண்டே இருக்கும். ஸ்குரூவை இன்னும் மயிரிழை ஏற்றினேன். அம்மா பழைய பேப்பரை நீளமாகக் கிழித்துத் தந்தாள். பிளேடுக்கும் தகட்டுக்கும் நடுவே கொடுத்து, குச்சியால் உருளையைத் தள்ளினேன். சரக். முதல் பிளேடு வெட்டியது. இரண்டாவது, மூன்றாவது வெட்டின. நாலாவது, இடது ஓரத்தில் மட்டும் பேப்பரை மடித்தது.

"எடது பக்கம் ஒரு துளி" என்றாள்.

ஒரு துளி திருகினேன். சரக். ஐந்தாவதும் சரக். ஓரம், நடு, மறு ஓரம் என்று எங்கே வைத்தாலும் சரக். அவள் பேப்பரை வாங்கித் தானும் ஒரு தரம் வெட்டினாள். பிறகு எங்களால் நிறுத்த முடியவில்லை. ஒரு வாரத்துப் பேப்பரையும் நாடா நாடாவாக வெட்டித் தள்ளினோம். நீ அந்தக் குவியலுக்குள் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாரி வாரி இறைத்தாய். ஒரு நாடாவை வாயில் போட்டுக்கொண்டாய். அம்மா விரல் விட்டு எடுத்தாள்.

சக்கரத்தை மாட்டி விளக்கெண்ணெய் விடப் போனேன். "வேணாங்க, அது பிசுக்கு, புழுதியப் பிடிச்சிக்கும்" என்று தன் தையல் மிஷின் எண்ணெய்க் குப்பியைக் கொடுத்தாள். ஜாக்கெட் அன்றைக்கு முடியவில்லை. தைக்கக் கொடுத்த அம்மாள் வந்து சத்தம் போட்டதையும் அவளே வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை முதல் பஸ். அதே கண்டக்டர். "என்னய்யா, புல்லு மாப்ள ஊருக்குக் கெளம்பிட்டாரா?" என்றார். அன்றைக்கு நான் மனசாரச் சிரித்தேன்.

அன்று காலையில் அம்மா டிபன் பைக்குள், கிரஷரில் மூக்கில் கட்டுகிற அந்தக் காக்கித் துணியையும் மடித்து வைத்திருந்தாள். எதற்கு என்று கேட்டேன். "ஒருவேளை வேணும்னா" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். அவ்வளவு தைரியமாகச் சிரித்துப் பேசினவளுக்கும் உள்ளே பயம் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சூப்பர்வைசர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு புல்தரை ஓரம் நின்றார். தள்ளினேன். சர்ர்ர் என்று ஒரே சீராகச் சத்தம். வெட்டின புல் முன்னால் விசிறி மாதிரி எழும்பி விழுந்தது. பச்சை வாசனை. ஒரு கோடு போய்த் திரும்பினேன். பக்கத்துக் கோட்டோடு ஒட்டி இன்னொரு கோடு. விரித்த ஜமுக்காளம் மாதிரி கிடந்தது தரை. அவர் கூடவே நடந்து வந்தார்.

"எந்த ஒர்க்ஷாப்புல குடுத்த?"

"வூட்டுலதாங்க சார்."

"யாரு மெக்கானிக்கு?"

"எங்க வூட்டுக்காரிங்க. ஜாக்கெட் தைக்கிறவங்க."

அவர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "அப்ப கிரஷருக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடுறேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தப் புல்லின் மேல் இரண்டு எட்டு வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

மதியம் ஆபீசர்கள் வந்து போய்விட்டார்கள். ஷெட்டில் நான் மட்டும் இருந்தேன். மிஷினில் ஒட்டியிருந்த புல்லைக் குச்சியால் தள்ளி, தண்ணீர் விட்டு அலசினேன். துடைக்கத் துணி தேடினேன். டிபன் பையைத் திறந்து அந்தக் காக்கித் துணியை எடுத்தேன். நடுவில் பிடித்து, இரண்டாகக் கிழித்தேன். மறுபடி நாலாகக் கிழித்தேன். கிழிபட்ட இடத்திலிருந்து கொஞ்சம் வெள்ளைத் தூசு பறந்து அடங்கியது. ஒரு துண்டால் ஈரம் போகத் துடைத்தேன். இன்னொரு துண்டில் அம்மா கொடுத்தனுப்பிய தையல் மிஷின் எண்ணெயைச் சொட்டி, ஐந்து பிளேடுக்கும் ஒவ்வொன்றாகத் தடவினேன்.