புளியங்குளத்தில் விட்டுச்சென்ற ஜப்பானிய அகராதி

காலை 9.15க்கு வான் கிளிநொச்சிச் சந்தையடியிலிருந்து புறப்பட்டது. 2004 பெப்ரவரி. போர்நிறுத்தத்தில் பாதை திறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. வவுனியா எண்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கட்டணம் நூற்றைம்பது ரூபாய். என் பையில் ஐந்து பொருட்கள்: நேர்முகத் தேர்வுக்கான கடிதம், தொழில்நுட்பக் கல்லூரிச் சான்றிதழ், அடையாள அட்டை, தண்ணீர்ப் போத்தல், மின் அகராதி.

ஜப்பானில் ஆறு மாதம் நீர்ப்பம்பிகளைப் பராமரிக்கும் பயிற்சி. எங்கள் பகுதிக்கு ஒரே ஓர் இடம். ஜப்பானிய மொழி கொஞ்சமாவது தெரிந்தவருக்கு முன்னுரிமை. பிற்பகல் 1.30க்கு வவுனியாவில் இருக்கவேண்டும், பிந்துபவர்கள் சேர்த்துக்கொள்ளப்படமாட்டார்கள் என்று கடிதம் சொன்னது.

அகராதி மூக்குக்கண்ணாடிக் கூட்டின் அளவு. கொழும்பில் பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றில் அண்ணா வாங்கியது. ஜப்பானியர்களுக்காகச் செய்யப்பட்டதால் பொத்தான்களின் மேல் ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை. முதல் வாரம் ஒவ்வொரு பொத்தானாக அமத்தி, எது என்ன செய்கிறது என்று படம் வரைந்து வைத்தேன். மேல்வரிசையில் மூன்றாவது, ஆங்கிலத்திலிருந்து ஜப்பானியத்துக்கு. நான்காவது, ஆங்கில எழுத்தில் உச்சரிப்பு. இரண்டு சின்ன பற்றரிகள் ஒரு மாதம் தாங்கும். ஐந்து மாதத்தில் முந்நூற்று நாற்பது சொற்கள் அதில் சேர்ந்தன.

பக்கத்து இருக்கையில் வவுனியாவைச் சேர்ந்த முஸ்லிம் புடைவை வியாபாரி; அவர்களை நானா, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவோம். முல்லைத்தீவில் கடை போட்டுத் திரும்புகிறார். இரண்டு கையிலும் கடிகாரம் கட்டியிருந்தார்.

"ஏன் நானா இரண்டு?"

"இடது கை உங்கட நேரம், வலது கை எங்கட நேரம். கடன்காரன் எந்தப் பக்கம் நிண்டாலும் தப்பேலாது."

"தொழுகைக்கு எது?"

"அதுக்குச் சூரியன் போதும், தங்கச்சி."

இங்கு வராதவர்களுக்கு இதை விளக்கவேண்டும். 1996இல் நாடு மணிக்கூட்டை முன்தள்ளியபோது இயக்கத்தின் கையில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றுவிட்டது. புளியங்குளத்துக்கு இந்தப் பக்கம் பத்து மணியென்றால் ஓமந்தைக்கு அந்தப் பக்கம் பத்தரை.

10.15. மாங்குளச் சந்தியில் தேநீருக்கு நிறுத்தினார்கள். நேரம் சொல்லும் சொற்களை மீட்டுப் பார்க்க அகராதியைத் திறந்தேன். அதில் உலக நேரம் காட்டும் பொத்தான் ஒன்றும் உண்டு. தோக்கியோ 1.45. கொழும்பு 10.45. அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்தபடி தேநீரை ஆறவிட்டேன். பிறகு என் பயணப் பட்டியலை எடுத்தேன். 1.30ஐ எங்கள் நேரத்துக்கு மாற்றும்போது அரைமணியைக் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டியிருந்தேன். பட்டியலில் இரண்டு மணி. உண்மையில் ஒரு மணி. மின்னியலில் டிப்ளோமா எடுத்தவள் செய்த கணக்கு இது. பட்டியலின்படி நான் வவுனியாவில் இறங்குவது எங்கள் நேரம் 1.15.

சாரதியிடம் சொன்னேன்.

"அங்கால போனா எல்லாருக்கும் அரைமணி வயசு கூடும் எண்டு தெரியாதோ?" என்று கேட்டவர், கடைக்காரரிடம் வடைப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஏறினார். "சாப்பாட்டுக்கு நிப்பாட்டமாட்டன். ஆருக்கும் பசியெண்டால் இதைக் கடியுங்கோ."

பொட்டலம் கைமாறிக்கொண்டு போனது. குழிகளில் வான் துள்ளத் துள்ள, நானா என் பட்டியலை வாங்கிப் பார்த்தார்.

"எழுத்து நல்ல வடிவு," என்றார். "கணக்குத்தான் பிழை."

11.00, புளியங்குளம், இயக்கத்தின் சோதனைச்சாவடி. சாமான்களோடு நிற்பவர்களின் வரிசை நீண்டிருந்தது. பெண்கள் வரிசையில் ஆறு பேர். சோதித்த பிள்ளைக்கு என் வயதுதான் இருக்கும். அகராதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன?"

"சொல் பாக்கிற பெட்டி. யப்பான் பாசை."

"கதைக்குமோ?"

"கதைக்காது. காட்டும்."

தண்ணீர் என்று தேடிக் காட்டினேன். திரையில் எழுத்து வந்ததும் குனிந்து பார்த்தாள்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா இலத்திரனியல் சாமான் பதியவேணும். பதியிறவர் உள்ளுக்க போயிருக்கிறார். ஒரு மணித்தியாலம் ஆகும்."

"எனக்கு ஒண்டரைக்குச் சோதினை. அவையின்ர ஒண்டரை."

அவள் தன் கடிகாரத்தைப் பார்த்தாள். "அப்ப இதை வைச்சிட்டுப் போங்கோ. துண்டு தாறன். பின்னேரம் எடுக்கலாம்."

கடைசி இரண்டு மணித்தியாலம் மீட்டுப் பார்க்க இருந்த சொற்கள் முழுவதும் அதற்குள். ஆனால் இடம் போனால் சொற்களை வைத்து என்ன செய்வது? பற்றுச்சீட்டுத் துண்டை வாங்கிக்கொண்டேன்.

11.45க்கு ஓமந்தை, இராணுவத்தின் சோதனைச்சாவடி. அங்கே 12.15. வானிலிருந்து இறங்கி, வரிசையில் நின்று, நடந்து, மறுபக்கத்தில் பஸ் ஏறியபோது 12.55. வவுனியாவில் மண்டப வாசலை மிதித்தபோது 1.22. கதவடியில் நின்றவர் என் பெயருக்கு நேரே கோடிட்டார்.

உள்ளே ஒரு ஜப்பானியப் பொறியியலாளரும் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் இருந்தார்கள். பம்பிகள் பற்றிய கேள்விகளுக்குத் தமிழில் பதில் சொன்னேன். பிறகு பொறியியலாளர் தன் மொழியில், மெதுவாக, இப்போது என்ன நேரம் என்று கேட்டார்.

சுவரில் இரண்டு மணி. என் கையில் ஒன்றரை.

"கோகோ வா நிஜி," என்றேன். இங்கே இரண்டு. "உச்சி வா இச்சிஜி ஹான்." வீட்டில் ஒன்றரை.

அவர் பேனாவை வைத்தார். வீடு எங்கே என்று கேட்டார். கிளிநொச்சி என்றேன். மொழிபெயர்ப்பாளரைத் திரும்பிப் பார்த்தார்; அவர் ஆமெனத் தலையசைத்தார்.

"தோஷித்தே?" ஏன்?

அந்தச் சொல் எனக்குத் தெரியும். பதிலுக்கு வேண்டிய சொற்கள் முந்நூற்று நாற்பதில் இல்லை. அகராதி கையில் இருந்திருந்தாலும் எந்தச் சொல்லில் தொடங்கித் தேடியிருப்பேனோ தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று ஜப்பானிய மொழியில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தாளில் நீளமாக ஏதோ எழுதினார். வெளியே வரும்போது மொழிபெயர்ப்பாளர் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்.

திரும்பும் வழியில் புளியங்குளத்தில் அதே பிள்ளைதான் நின்றாள். துண்டை நீட்டினேன்.

"பாஸோ?"

"பாஸ்போட் எடுக்கச் சொல்லியிருக்கினம்."

"யப்பானில இப்ப என்ன நேரம்?"

அவள் எடுத்துத் தந்த அகராதியைத் திறந்து காட்டினேன். தோக்கியோ 7.40. கொழும்பு 4.40. தன் கடிகாரத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அப்ப நாங்கள்தான் கடைசி," என்றாள்.

பிறகு துண்டில், பொருளைத் திருப்பிக் கொடுத்த நேரத்தை எழுதினாள். 4.10.