மூன்றாம் ஓலை

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் என் கேமை விளையாடுகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுத உட்காருவேன். நான் ஒற்றை ஆளாக உருவாக்கிய குத்துச்சண்டை கேம் அது, வயது வந்தவர்களுக்கு மட்டும். மோதுகிற இருவரும் பெண்கள். ஒவ்வொரு சுற்றிலும் தோற்பவளுக்கு உடுத்திருப்பதில் ஒன்று குறையும். அதற்குமேல் விளக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. எங்கெங்கிருந்தோ கேட்பார்கள். அடுத்த வெர்ஷன் எப்போது? இடது கைக்காரி ஒருத்தி வருவாளா? சாம்பியனை வீழ்த்தவே முடியவில்லையே, என்ன செய்ய? சிலர் கேட்பதை இங்கே எழுத முடியாது. எல்லோருக்கும் மரியாதையாகத்தான் பதில் போடுவேன். தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்தில், மாதா கோவிலுக்குப் பின்னால் ஒரு மாடியறையில், மீன்குழம்பு வாசத்துக்கு நடுவிலிருந்து அந்தப் பதில் வருகிறது என்று அவர்களுக்கு என்ன தெரியும்!

வீட்டில் "கம்ப்யூட்டர் வேலை" என்று மட்டும் தெரியும். எனக்குப் பேசி முடித்திருந்த பெண்ணுக்குக் கொஞ்சம் கூடுதலாக, கேம் செய்கிறேன் என்று தெரியும். கருங்கல் பக்கத்துக்காரி, மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். "எனக்கு கேமெல்லாம் அறியாது, படிப்பிச்சு தருவியளா?" என்று போனில் கேட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே சாயங்காலம் வரட்டும் என்று காத்திருப்பேன். அவளை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

கேமில் சுற்று தொடங்க ஒரு மணி வேண்டியிருந்தது. இணையத்தில் கிடைத்ததெல்லாம் தகரத்தைத் தட்டினதுபோல இருந்தது. ஒருநாள் மதியம் கோவில் மணி அடிக்க, போனை ஜன்னலில் வைத்துப் பதிவு செய்துகொண்டேன். கச்சிதமாகப் பொருந்தியது. நல்ல சத்தம் என்பதற்குமேல் அன்றைக்கு எனக்கு வேறு யோசனையே வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, இங்கிலீஷ் கேள்விகளுக்கு நடுவில் எங்கள் ஊர்ப் பேச்சில் ஒன்று கிடந்தது. "மக்கா, இது நம்ம கோவில் மணியில்லா? பொறத்தால மீன்காரருக்க ஹாரனும் கேக்குது." வளைகுடாவில் வேலை பார்க்கிற எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்தவன் யாரோ. விலைக்கு வாங்கிய சத்தம் என்று சுத்தமான இங்கிலீஷில் பதில் போட்டேன். பிறந்ததிலிருந்து அந்த மணி கேட்டு எழும்பினவனிடம் அது எடுபடுமா? பாவம், சந்தோஷம் தாங்காமல் ஒரு சண்டையை அப்படியே வீடியோ பிடித்து, "நம்ம கோவில் மணி உலகம் முழுக்க கேக்குது" என்று எழுதிப் பங்கு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அவன் சத்தத்தைக் கேட்கச் சொல்லி அனுப்பினான். ஊர் படத்தைப் பார்த்தது. கோவிலுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் வேலைக்காரன் நான் ஒருவன்தான்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில், பெண்ணின் பங்கிலும் பையனின் பங்கிலும், இருவர் பெயரையும் ஓலை வாசிப்பார்கள். தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்ல வேண்டும். எங்களுக்கு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டிருந்தது. மூன்றாவதுக்கு முந்தின நாள், எப்படியோ விஷயம் தெரிந்து, அவளுடைய தாய்மாமா வந்தார். அம்மாவிடம் தணிந்த குரலில் என்னவோ பேசினார், வைத்த சாயாவைத் தொடவில்லை. கல்யாணம் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவளுடைய போன் அணைந்து கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பெயரை வாசித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நப்பாசை. அறிவிப்பு நேரத்தில் சாமியார் அன்பியக் கூட்டம் எப்போது என்றார், மறைக்கல்வி வகுப்பு மாறியிருக்கிறது என்றார். பிறகு ஓலை. வேறு ஒரு ஜோடிக்கு ஒன்றாம் ஓலை வாசித்தார். காகிதத்தை மடித்தார். "செபிப்போமாக" என்றார். பெண்கள் பக்கத்தில் அம்மா முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டதைப் பார்த்தேன். வெளியே வந்தபோது ஒருத்தன் தோளில் தட்டி, "ஏலே, கேம் கொள்ளாமே" என்று கிண்டலாகப் பாராட்டினான். முகத்தில் குத்தியிருந்தால் தேவலை.

அடுத்த வாரம் அவளே கூப்பிட்டாள். கடை மாடிப்படியில் நின்று பேசினாள்.

"எங்க பங்குல ஒங்க கேமைப் பத்தி ஒருத்தருக்கும் தெரியாது. மாமா வெளிய சொல்லப்பிடாதுன்னு சொல்லிட்டாரு. கல்யாணம் எதுக்கு நின்னுதுன்னு எல்லாரும் எனக்க மூஞ்சியத்தான் பாக்காவ."

"உள்ளதச் சொல்லிரு. எல்லாத்தையும் எனக்க தலையில போடு" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"சொன்னா, இவளும் அறிஞ்சுதான் சம்மதிச்சிருப்பான்னு எல்லாரும் சொல்லுவினும்."

முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"இனி எங்க சம்மந்தம் பேசப் போனாலும், ரெண்டு ஓலை வாசிச்சு நின்ன பொண்ணாக்கும் நான்" என்றாள். உள்ளேயிருந்து பில் போட யாரோ கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாள்.