இருமல் இல்லாத டிபி

என் கணவருக்குக் கடியப்பட்டணத்தில் கடல் தொழில். முதுகு வலிக்கிறது என்று அவர் முதலில் சொன்னபோது நான் அடுப்பைவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலை இழுக்கிறவர்களில் முதுகு வலிக்காதவர் யார்? தைலம் தேய்த்தோம். டிஸ்க் விலகியிருக்கிறது என்று ஒரு டாக்டர் ஊசி போட்டார். ஐந்து மாதம் அப்படியே போனது. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. தொழிலுக்குப் போக மடி, வெறும் சோம்பல் என்று ஒருநாள் அவர் காதில் விழவே சொல்லிவிட்டேன். மறுவாரம் கட்டிலிலிருந்து எழுந்தவர், கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நாகர்கோவிலில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகுத்தண்டில் இரண்டு எலும்புகள் அரித்துப்போய், பக்கத்தில் சீழ் கட்டியிருந்தது. அதை ஊசியால் எடுத்துச் சோதித்த டாக்டரம்மா, "டிபி" என்றார்.

"எனக்கு இருமலே கெடையாதே டாக்டரே, பின்ன எப்பிடி?"

"நுரையீரல்லதான் வரணும்னு இல்ல. எலும்புலயும் வரும், கழுத்துலயும் வரும். உங்க நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமா இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தேன். மகளைக் கட்டிலருகே விடவில்லை.

"ஏட்டி, நான் வெளிய போய்ப் படுக்கணுமா?" என்று மட்டும் கேட்டார்.

மாத்திரை வாங்கத் தனியாகப் போன அன்று டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "எலும்புல மட்டும் இருக்கிறது யாருக்கும் பரவாது. பிள்ளைய அவர் பக்கத்துலயே படுக்க வைங்க" என்றார். அன்று வீட்டுக்கு வந்து, அவர் குடித்து வைத்த மிச்சக் காப்பியை அவர் முன்னாலேயே குடித்தேன். மடி என்று சொன்னதையும் சேர்த்து அழுதேன்.

தினமும் மாத்திரை. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். வாய்க்கு எதுவும் பிடிக்காது. மூன்றாம் மாதம் மாத்திரையைத் தள்ளிவிட்டார்.

"வலிதான் போயிட்டே, இனி எதுக்கு?"

"டாக்டரம்மா நிறுத்தச் சொல்லல்ல. வாயத் தெறங்க."

ஒரு வருடத்துக்கு மேல் அப்படி ஓடியது. முதுகு சற்றுக் கூனியபடியே நின்றுவிட்டது. கனம் தூக்கக்கூடாது என்பதால் கடல் இல்லை. வள்ளத்தில் இப்போது அவர் தம்பி போகிறார். இவர் குளச்சலில் மீன் ஏலம் கூவுகிறார். நாலு மணி நேரம் நின்றே கூவுகிறாராம்.