சாவியைக் கொடுத்த பிறகு

பர்மாவில், லத்தா வட்டாரத்தில் நான் மேலாளராக இருந்த உளுந்துக் கிட்டங்கியில், நான் சொல்லாமல் ஒரு மூட்டை நகராது. அதில் எனக்குப் பெருமை வேறு.

என்னிடம் வேலை பார்த்தவர்களில் ஒரு தமிழ்ப் பெண் படு கெட்டிக்காரி. உளுந்தைக் கையில் அள்ளியதுமே ஈரம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். ஒருநாள் நான் வெளியே போயிருந்தபோது மழை இருட்டிக்கொண்டு வர, வாசலில் கிடந்த மூட்டைகளை ஆட்களை வைத்து உள்ளே அடுக்கிவிட்டாள். அவசரத்தில் இரண்டு வியாபாரிகளின் சரக்கு கலந்துபோனது. திரும்பி வந்த நான் எல்லோர் முன்னாலும் குதித்தேன்.

“யாரைக் கேட்டுத் தொட்டே? இங்க சயா நானா, நீயா?”

பர்மியர் வழக்கப்படி அங்கே மேலாளரை எல்லோரும் சயா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் தலைகுனிந்து நின்றாள். சரக்கைப் பிரிக்க அரைநாள் ஆயிற்று. அவள் எடுத்து வைக்காவிட்டால் மொத்தமும் நனைந்து பாழாகியிருக்கும் என்பது எனக்கு அன்றே தெரியும். ஒப்புக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

மூன்று வருடம் கழித்து என் மனைவி படுத்த படுக்கையானாள். இனி எழுந்து நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மத்தியானத்துக்கு மேலாவது அவள் பக்கத்தில் இருக்கலாம் என்று கிட்டங்கிச் சாவியை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன்.

“இனிமே எல்லாம் உன் பொறுப்பு. உனக்குத் தோணுறபடி செய்.”

“சரி சயா” என்றாள். நானும் நம்பிவிட்டேன்.

நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் இன்சீனில் இருந்த வீட்டுக்கு வந்து, மனைவிக்குக் கஞ்சி ஊட்ட உட்கார்ந்தால், தெருமுனைக் கடைக்காரம்மா வாசலில் வந்து நிற்பார். தெருவுக்கே அந்தக் கடையில்தான் போன். ஓடிப்போய் எடுத்தால் கிட்டங்கியிலிருந்து அந்தப் பெண்தான்.

“சயா, லாரி வந்திருக்கு. இறக்கச் சொல்லவா?”

மறுநாள், “சயா, கிழிஞ்ச சாக்கை மாத்தவா?”

திட்டினேன். கெஞ்சினேன். என்ன முடிவு எடுத்தாலும் கேள்வி கேட்கமாட்டேன் என்று சத்தியம்கூடச் செய்தேன். எல்லாவற்றுக்கும் “சரி சயா” என்பாள். அடுத்த நாளும் போன் வரும்.

அப்புறம் மறுபடியும் ஒரு மழைநாள். போனில் அவள்தான்.

“சயா, வாசல்ல மூட்டை கிடக்கு, மழை பிடிச்சிருச்சு. உள்ள எடுக்கவா?”

“அட, எடுத்துட்டுச் சொல்லக் கூடாதா?”



“நீங்க சொல்லாம எப்படி சயா தொடுறது?”

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால்கூடத் தேவலை. நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டாள். “எடு, எடு” என்று கத்தினேன். அன்றைக்கு நீ செய்ததுதான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் லைன் போய்விட்டது.

வீட்டுக்குள் வந்தால் பாய், தலையணை, மனைவியின் ரவிக்கை எல்லாம் தண்ணீர். டம்ளர் தரையில் உருண்டு கிடந்தது. தாகத்துக்குத் தானே எடுக்கப் பார்த்திருக்கிறாள்.

“கூப்பிட்டிருக்கலாமே?” என்றேன்.

“கூப்பிட்டேன். உங்களுக்குக் கேக்கல.”

உலர்ந்த துணி ஒன்றைத் தேடி எடுத்து அவள் கழுத்தைத் துடைக்க ஆரம்பித்தேன். கடைக்காரம்மா மறுபடியும் வாசலில் வந்து நின்றார்.