முன்சக்கரத்து ஈயம்

எங்கள் பெரியதாழையில் ஈயம் சும்மா கிடக்காது. பழைய பேட்டரித் தகடோ, உடைந்த குழாய்த் துண்டோ, கண்ணில் பட்டால் போதும், எடுத்துவந்து உருக்கித் தூண்டில் கயிற்றுக்குக் குண்டாக்கிவிடுவார்கள். அப்பாவுக்கு ஈயம் பொறுக்கிக் கொடுக்கிற பிள்ளைதான் நல்ல பிள்ளை. எனக்கு அப்போது ஏழு வயது. நல்ல பிள்ளை என்று பெயர் வாங்க என்ன வேண்டுமானாலும் செய்வேன்.

அம்மாவின் தம்பியான மாமா தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்தார். அவர் வாங்கியிருந்த பழைய கார், வேகம் கூடினால் ஸ்டீயரிங்கை உதறும். மதுரைக்குக் கொண்டுபோய், சக்கரங்களை மெஷினில் சுற்றவிட்டு, எடை குறைந்த பக்கம் பார்த்து விளிம்பில் ஈயத்துண்டு அடித்துக்கொண்டு வந்தார். “இப்ப அறுவது மைல்ல போனாலும் செம்புத் தண்ணி தளும்பாது” என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். ஈயம் என்ற சொல் மட்டும்தான் என் காதில் நின்றது.

சித்தி தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டில் இருந்தாள். தங்கையைப் பார்க்க ஒரு சனிக்கிழமை மாமா காரில் வந்தார். அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்த நேரம், முன்சக்கரங்கள் இரண்டிலும் இருந்த ஈயத்தைக் கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்தேன். ரோட்டில் கிடந்தது என்று அப்பாவிடம் சொன்னேன். “ஏளா, ஒன் கண்ணுக்கு மட்டும் எப்பிடித்தான் படுதோ” என்று மெச்சி, அன்று சாயங்காலமே உருக்கிவிட்டார்.

மறுநாள் மத்தியானம், மாமா ஊருக்குக் கிளம்புமுன், சித்திக்கு உதிரம் கொட்டத் தொடங்கியது. பின்சீட்டில் அம்மா அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். என்னை விட்டுப்போக ஆளில்லாமல், முன்னால் அப்பா மடியில் நான். திருச்செந்தூர் தாண்டி ரோடு நேரானதும் மாமா வேகமெடுத்தார். ஸ்டீயரிங் அவர் கைகளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நிறுத்தி, இறங்கி, நட்டுகளை முறுக்கிப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன.

“மிதி மாப்ள. அவ வெளுத்துட்டா.”

“நாப்பதத் தாண்டுனா வண்டி கைல நிக்க மாட்டேங்கு அத்தான்.”

நாற்பதைத் தாண்டாமலேதான் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தோம். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ். சித்தியும் போனாள், பிள்ளையும் போயிற்று.

பீற்றினவனுக்குப் பயம் வந்துவிட்டது, அதனால்தான் உருட்டிக்கொண்டு போனான் என்று அப்பா எல்லாரிடமும் சொன்னார். அம்மா தம்பியின் முகத்தைப் பார்ப்பதையே விட்டாள். முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, மாமா மட்டும் வெளியே காரில் சாய்ந்து நின்றார். பாவமாக இருந்தது. அவரைச் சந்தோஷப்படுத்த, நான் கொடுத்த ஈயத்தில்தான் அப்பா பெரிய சீலா மீன் பிடித்தார் என்று சொன்னேன்.

“எங்கன கெடச்சுது மக்களே?”

சக்கரத்தைக் காட்டினேன். மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விளிம்பைச் சுற்றி விரலால் தடவினார். அடுத்த முன்சக்கரத்தையும் போய்த் தடவிப் பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

“இத யார்ட்டயும் சொல்லிராத மக்களே. ஒங்கம்மைட்டகூட.”

அவரும் சொல்லவில்லை. சாகும்வரை சொல்லவில்லை. அம்மாவும் அதுவரை அவரோடு பேசவில்லை. இதை எழுதும் என் கையை எனக்கே பிடிக்கவில்லை.

அன்று எனக்குத் தோன்றியது வேறு. காரைத் தொட்டதற்கு அப்பா அடிப்பார், அதிலிருந்துதான் மாமா என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். அடி தப்பிய சந்தோஷத்தில் உள்ளே ஓடி, இரண்டு துண்டு சீலா கேட்டு வாங்கித் தின்றேன்.